சிங்கத்துக்குத் தீட்டில்லை

எங்கள் ஆயாவுக்கு இரண்டு காலேஜ் தெரியும். ஒன்று உயிர் காலேஜ், இன்னொன்று செத்த காலேஜ். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் உயிரோடு மிருகங்களை அடைத்து வைத்திருந்த இடம் உயிர் காலேஜ். எழும்பூரில் செத்ததைப் பாடம் பண்ணி வைத்திருக்கிற மியூசியம் செத்த காலேஜ். பட்டணத்து ஏழை ஜனம் அந்த இரண்டுக்கும் வைத்த பெயர் அது. காணும் பொங்கலுக்கு எங்கள் சேரியிலிருந்து பத்து இருபது பேர் ரயிலேறிப் போய் இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவார்கள். "நானும் காலேஜுக்குப் போனவதாண்டி" என்று ஆயா சொல்லிச் சிரிப்பாள். அவள் பள்ளிக்கூடத்து வாசப்படியை மிதித்தவள் இல்லை. மிதிக்க விட்டதும் இல்லை.

அந்த உயிர் காலேஜை 1855-இல் ஆரம்பித்தவர் மியூசியத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர். ஆர்க்காட்டு நவாப் தன்னிடமிருந்த மிருகங்களைக் கொடுத்தார். மியூசியத்து வளாகத்தில் தொடங்கியது, பின்னால் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-இல் அங்கிருந்தும் கிளம்பி வண்டலூர்க் காட்டுக்கு வந்து 'அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா' ஆனது. 600 ஹெக்டேருக்கு மேல் இடம். நம்மூர்ப் புலி, கரடி, காட்டுமாடு, சிங்கவால் குரங்கு ஒரு பக்கம். ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, நெருப்புக்கோழி, சிம்பன்சி என்று கடல்கடந்து வந்தவை இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. பலகையில் பெயர், ஊர், என்ன தின்னும் என்ற விவரம் உண்டு.

அந்த 'என்ன தின்னும்' என்ற வரியைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

1988-இல் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வண்டலூருக்குக் கூட்டிப் போனார்கள். புலி இருக்கிற அகழிப் பக்கம் நின்றோம். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் வாளியோடு போனார். அறிவியல் சார் அவரைக் கூப்பிட்டு, "இதுக்கு என்னப்பா போடுவீங்க?" என்றார். "மாட்டுக்கறிதான் சார். தலைக்கு ஆறேழு கிலோ" என்றார் அவர். சார் எங்கள் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க. புலியின் உணவு மாட்டிறைச்சி" என்றார். நாற்பது பிள்ளைகளும் எழுதினோம். ஐயர் வீட்டுப் பெண் எழுதினாள், முதலியார் வீட்டுப் பையன் எழுதினான், நானும் எழுதினேன். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. "எவ்வளோ கறி துன்னுதுடி பாரு" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

ஒரு மணிநேரம் கழித்து மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா புளிச்சோறும், தொட்டுக்கொள்ள உப்புக்கண்டம் வறுத்ததும் கட்டிக் கொடுத்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும் வாசனை போயிருக்கும்போல. டீச்சர் வந்து நின்றார். "என்னடி அது? மூடு, மூடுடி முதல்ல. எழுந்து அந்தக் குரங்குக் கூண்டு பக்கம் போ. தின்னுட்டுக் கைய நல்லா கழுவிட்டு வா." நான் எழுந்து போனேன். குரங்குக் கூண்டு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். குரங்குகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் சுற்றுலாக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தார்கள். 'புலியின் உணவு மாட்டிறைச்சி' என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ரைட் மார்க் இருந்தது.

அந்த ரைட் மார்க்கைப் பற்றி முப்பது வருஷத்துக்கு மேலாக யோசிக்கிறேன். ஒரே மாடு. ஒரே கறி. ஒருவேளை ஒரே தொட்டியில் வெட்டினதாகக்கூட இருக்கலாம். புலி தின்றால் அது பாடம். நான் தின்றால் அது தீட்டு.

*

மேடையில் நம்ம தோழர்கள் ஒரு வாக்கியத்தைத் தேய்ந்துபோன காசு மாதிரி செலவழிக்கிறார்கள்: "எங்களை மிருகத்தைப்போல நடத்துகிறார்கள்." பத்திரிகையில் எழுதுகிற முற்போக்கு நண்பர்களும், அனுதாபம் காட்ட வருகிற சாதி இந்துக்களும் அதையே சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். இப்போது சொல்கிறேன், அது பொய். சாதி நம்மை மிருகமாக நடத்தவில்லை. மிருகமாக நடத்தியிருந்தால் நமக்குப் பாதிக் கஷ்டம் இருந்திருக்காது.

1927 மார்ச் 20-ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோடு மகாட் ஊரின் சவுதார் குளத்துக்கு நடந்துபோய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தில் ஆடு குடித்தது, மாடு குடித்தது, நாய் குடித்தது. மனிதன் குடித்தபோதுதான் குளம் கெட்டுப்போனது. பிறகு அதைச் சுத்தம் பண்ணப் பானை பானையாக எதை ஊற்றினார்கள்? மாட்டுச் சாணத்தையும் மாட்டு மூத்திரத்தையும். மிருகத்தின் கழிவு மனிதனின் கையைச் சுத்தம் பண்ணியது. இதுதான் சாதியின் கணக்கு. இந்தக் கணக்கில் மிருகத்துக்கு ஒரு இடம் இருக்கிறது, அது நமக்கு மேலே இருக்கிறது.

தீட்டு என்பது மனிதனுக்காக மனிதன் செய்த கூண்டு. அதற்குள் எந்த மிருகத்தையும் அடைத்ததில்லை. இதற்குச் சாட்சி வேண்டுமானால் மிருகக்காட்சி சாலைக்குப் போங்கள். சாதி இரண்டு காலில் நிற்கிறது. ஒன்று சட்டி, இன்னொன்று தொட்டில். யார் என்ன தின்பது, யார் யாருக்குப் பிள்ளை பெறுவது. இந்த இரண்டும் எவ்வளவு பெரிய பொய் என்பது அந்தக் கூண்டுகளுக்கு முன்னால் வெட்டவெளிச்சமாக நிற்கிறது.

*

முதலில் சட்டியைப் பார்ப்போம்.

2017 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தில் புது ஆட்சி வந்ததும் மாட்டுத் தொட்டிகளைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். கறிக்கடைக்காரர் குடும்பமும் தோல் வேலைக்காரர் குடும்பமும் தெருவுக்கு வந்தன. அது பெரிய செய்தியாகவில்லை. லக்னோ, கான்பூர் காட்சிச்சாலைகளிலும் இட்டாவா சிங்கப் பூங்காவிலும் சிங்கத்துக்கு எருமைக்கறி வரவில்லை, கோழியைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்றதும்தான் தேசம் பதறியது. 'பாவம், அது வாயில்லா ஜீவன், வேறு எதைத் தின்னும்?' என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். வாயுள்ள ஜீவன்கள் எதைத் தின்னும் என்று யாரும் கேட்கவில்லை.

2020 அக்டோபரில் குவாஹாட்டியில் இன்னொரு கூத்து. அசாம் மாநிலக் காட்சிச்சாலைக்குக் கறி ஏற்றிப் போன வண்டிகளை ஒரு கூட்டம் மறித்தது. புலிக்கு மாட்டுக்கறி போடக் கூடாதாம். அப்படியானால் வேறு எதைப் போடுவது? காட்சிச்சாலையில் கடமான் நிறைய இருக்கிறதே, அதைப் போடலாமே என்றார்களாம். மானைக் கொன்றால் வனவிலங்குச் சட்டம் பாயும் என்பதுகூடத் தெரியாத ஜீவகாருண்யம்! மான் செத்தால் பரவாயில்லை, மாடு சாகக் கூடாது. அவர்கள் மனசில் இருப்பது உயிர்மேல் உள்ள இரக்கம் அல்ல, ஒரே ஒரு மிருகத்தை வைத்து மனிதரைப் பிரிக்கிற அரசியல். காவல்துறை வந்து கூட்டத்தைக் கலைத்து வண்டியை உள்ளே அனுப்பியது. புலி சாப்பிட்டது. நல்லது, சாப்பிடட்டும். அதே மாநிலத்தில் 2024 டிசம்பரில் ஓட்டல்களிலும் பொது விசேஷங்களிலும் மாட்டுக்கறி பரிமாறக் கூடாது என்று அரசு அறிவித்தது. புலிக்குப் போன வண்டிக்குப் போலீஸ் காவல் இருந்தது. மனிதனின் இலைக்குப் போலீஸ் தடை வந்தது.

'அதெல்லாம் வடக்கே, இது பெரியார் மண்' என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கு ஆம்பூரை நினைவுபடுத்துகிறேன். 2022 மே மாதம் அரசு நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் கோழிக்கு இடம் இருந்தது, ஆட்டுக்கு இடம் இருந்தது, மாட்டுக்கு இல்லை. ஆம்பூரில்! தோல் தொழிற்சாலைகளின் ஊரில், மாட்டுக்கறி பிரியாணி தின்று வளர்ந்த தலித்துகளும் முஸ்லிம்களும் வாழ்கிற ஊரில்! எதிர்ப்பு கிளம்பியதும், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் சொல்லவேண்டி வந்தது. வண்டலூரில் அரசு தன் செலவில் மாட்டுக்கறி வாங்கிப் புலிக்குப் போடுகிறது. ஆம்பூரில் அதே அரசு மாட்டுக்கறிச் சட்டியைப் பந்திக்கு வெளியே நிறுத்தியது. என்னை எழுப்பிக் குரங்குக் கூண்டு பக்கம் அனுப்பிய டீச்சர் தனி ஆள் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஊனா. 2016 ஜூலை 11. குஜராத்தின் கீர் சோம்நாத் மாவட்டம். மோட்டா சமாதியாலா கிராமத்துத் தலித்துகள் செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் ஆசைப்பட்டு எடுத்த தொழில் இல்லை, ஊர் அவர்கள் தலையில் கட்டிய தொழில். பசுப் பாதுகாவலர்கள் வந்தார்கள். மாட்டைக் கொன்றுவிட்டீர்கள் என்றார்கள். இளைஞர்களின் சட்டையைக் கழற்றிக் காரில் கட்டிவைத்து, பட்டப்பகலில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அடிக்கிறதைப் படம் பிடித்து அவர்களே ஊருக்குக் காட்டினார்கள்.

அந்த மாட்டைக் கொன்றது யார் என்று பிற்பாடு விசாரணையில் வெளிவந்தது. சிங்கம். கீர் காட்டுச் சிங்கம் அடித்துப் போட்ட மாடு அது.

தோழர்களே, இதை இன்னொரு தடவை படியுங்கள். மாட்டைக் கொன்றது சிங்கம். அடிவாங்கியது தலித். கீர் பக்கத்தில் சிங்கம் மாட்டை அடித்தால் அரசு வனத்துறை மூலம் மாட்டுக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்கிறது. சிங்கத்தை எந்தப் பசுப் பாதுகாவலனும் காரில் கட்டி அடித்ததில்லை. சிங்கம் குஜராத்தின் பெருமை. அந்தச் சிங்கம் விட்டுப்போன எச்சிலைச் சுத்தம் பண்ணப் போனவன் குற்றவாளி.

அந்த அடிக்குக் குஜராத் தலித்துகள் சொன்ன பதில் உலகம் அறிந்தது. சுரேந்திரநகரில் கலெக்டர் அலுவலகத்து வாசலில் செத்த மாடுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். உங்கள் தாய்தானே, நீங்களே அடக்கம் பண்ணுங்கள் என்றார்கள். அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்தார்கள். மாட்டின் வாலை நீ வைத்துக்கொள், எங்களுக்கு நிலத்தைக் கொடு என்று கேட்டார்கள். 1948-இல் வந்த 'தீண்டப்படாதார் யார்?' நூலில் தீண்டாமையின் வேரை அம்பேத்கர் மாட்டுக்கறியில் தேடினார். மாட்டைப் புனிதமாக்கிய பிறகு, செத்த மாட்டைத் தின்றுவந்த சிதறுண்ட மனிதர்கள் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டார்கள் என்றார். கறியில் தீட்டு இருந்ததில்லை, தின்கிறவன் தலையில் அது ஏற்றப்பட்டது. அதை இன்றைக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் சிங்கம் நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

*

அடுத்தது தொட்டில்.

வண்டலூரில் ஜனம் முண்டியடித்துப் பார்க்கிற இடம் வெள்ளைப் புலி இருக்கிற இடம். 'எவ்ளோ வெள்ளையா கீது பாரு' என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்த வெள்ளையின் கதை என்ன? 1951-இல் ரீவா ராஜா மார்த்தாண்ட் சிங் காட்டில் ஒரு வெள்ளைப் புலிக் குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பேர் வைத்து அரண்மனையில் வளர்த்தார். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. அதனால் மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958-இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அதிலிருந்து அப்பனுக்கு மகள், அண்ணனுக்குத் தங்கை என்று உள்ளுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து உண்டாக்கியதுதான் இந்த வெள்ளை வம்சம். அது தனி இனம் இல்லை. நம்மூர்ப் புலியின் நிறம் மாறிய பிறவி. உள்மணத்தின் பலனாக மாறுகண், வளைந்த முதுகெலும்பு, கோணல் கால், பிளந்த அண்ணம் என்று குறைகள் வந்தன. அமெரிக்கக் காட்சிச்சாலைகளின் சங்கம் 2011-இல் தன் உறுப்பினர்களிடம் வெள்ளைப் புலியைப் பெருக்குவதை நிறுத்தச் சொன்னது. நம்ம ஜனம் இன்னும் அதைத்தான் தேடிப்போய்ப் பார்க்கிறது. வெள்ளை என்றால் நமக்கு அப்படி ஒரு மயக்கம்.

1916-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். வேலி போட்டு உள்ளுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுப்பதுதான் சாதி, மற்றதெல்லாம் அதைக் காக்க வந்த ஏற்பாடு என்றார். அந்த வேலிக்குள் நிற்கிறவன் அதற்கு வைக்கிற பெயர் சுத்தம், வம்சம், கௌரவம். வெள்ளைப் புலியை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். சுத்தம் என்பதன் கண் எப்படிக் கோணிக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சர்க்கஸ்காரர்களிடமிருந்த ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கீர் சிங்கத்தையும் சேர்த்ததால் இந்தியக் காட்சிச்சாலைகளில் நிறையச் சிங்கங்கள் 'கலப்பினம்' ஆயின. சண்டிகர் பக்கத்தில் சட்பீர் காட்சிச்சாலையில் அவை பெருகிக் கிடந்தன. நோய் வந்தது, பழி கலப்பின் மேல் விழுந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆண் சிங்கங்களுக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்து, இருக்கிறவை செத்துத் தீரட்டும் என்று விட்டார்கள். கீர் சிங்கத்தின் இனத்தைக் காக்க வேண்டும் என்பதற்கு விஞ்ஞானிகளிடம் காரணம் இருக்கிறது. இரண்டு கண்டங்களில் ஆயிரமாயிரம் வருஷம் பிரிந்து வாழ்ந்த சிங்கங்கள் அவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரும் சேரியும் இரண்டு கண்டமா? நடுவில் இருப்பது ஒரு தெரு, ஒரு வாய்க்கால். சென்னைப் பிராமணனும் சென்னைப் பறையனும் ஒரே இனத்து ஆட்கள்தான் என்று 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். ஆனாலும் சாதிக்காரன் தன்னைத் தனி மிருக இனம் என்று நம்புகிறான். கலப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் அரிவாளைத் தேடுகிறான். 2015-இல் கோகுல்ராஜ். 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, அத்தனை கண்ணுக்கும் ஒரு கேமராவுக்கும் முன்னால், சங்கர். எந்தச் சிங்கமும் தன் மகளை இதற்காகக் கொன்றதில்லை.

சிங்கத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் திரிபுராவிலிருந்து சிலிகுரிப் பூங்காவுக்கு ஒரு ஆண் சிங்கமும் ஒரு பெண் சிங்கமும் வந்தன. ஆண் சிங்கத்தின் பெயர் அக்பர், பெண் சிங்கத்தின் பெயர் சீதா. இரண்டையும் எப்படி ஒன்றாக வைக்கலாம் என்று விசுவ இந்து பரிஷத் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பெயரை மாற்றிவிடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. திரிபுரா வனத்துறையின் மூத்த அதிகாரி ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். நாட்டில் எத்தனையோ வழக்கு தேங்கிக் கிடக்க, சிங்கம் யாரோடு படுக்கலாம் என்று விசாரித்தார்கள்! அந்த இரண்டு சிங்கத்துக்கும் தங்களுக்கு மதம் இருப்பது தெரியாது. மனிதன் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் மிருகத்தின்மேல் கவிழ்க்கப் பார்த்த நாள் அது. மிருகம் அதில் அடங்கவில்லை.

*

சட்டியும் தொட்டிலும் சொன்னேன். இரண்டையும் தூக்கிச் சுமக்கிற கை ஒன்று இருக்கிறது.

என் சித்தி மகன் ஒரு காட்சிச்சாலையில் நான்கு வருஷம் ஒப்பந்தக் கூலியாக இருந்தான். விடிகாலையில் போனால் மிருகத்தை வெளி அடைப்புக்கு விட்டு, இரும்புக் கதவைச் சங்கிலியால் இழுத்துப் பூட்டிவிட்டு, ராத்திரி அடைக்கிற அறைக்குள் இறங்க வேண்டும். எலும்பு, மூத்திரம், பீ எல்லாவற்றையும் வாரி, தண்ணி அடித்து, பினாயில் போட்டுக் கழுவ வேண்டும். "புலி மூத்திர நாத்தம் மூணு சோப்பு போட்டாலும் போவாதுக்கா. பஸ்ல பக்கத்துல உக்கார்ற ஆளு எழுந்து போயிருவான்" என்பான். அவனோடு கூண்டு கழுவினவர்கள் எல்லாரும் எங்கள் பக்கத்துச் சேரிக்காரர்களும் இருளர்களும்தான்.

காட்சிச்சாலைகளுக்கு மத்திய ஆணையம் 1992-இலிருந்து இருக்கிறது. எந்த மிருகத்துக்கு எத்தனை சதுர மீட்டர் இடம், எத்தனை டாக்டர், என்ன தீனி என்று விதி இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் கேட்டை மூட வேண்டும், மிருகத்துக்கு மனிதக் கண்களிலிருந்து ஓய்வு வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இருக்கட்டும், அது சரியான விதிதான். என் தம்பிக்கு அந்த லீவு நாளிலும் கூண்டு கழுவுகிற வேலை உண்டு. ஒருநாள் குரங்கு கடித்துக் கையில் சதை பிய்ந்து போனது. குரங்குக்கு வெறி இருக்கிறதா என்று டாக்டர் வந்து பார்த்தார். தம்பி தானே பஸ் ஏறித் தர்மாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டான். வராத நாளுக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டார் ஒப்பந்தக்காரர். "புலிக்குப் பேரு இருக்குது, ரெஜிஸ்டர் இருக்குது, எடை எழுதற சீட்டு இருக்குது. எனக்கு மஸ்டர்ல ஒரு நம்பருக்கா" என்றான். அவன் புலியைத் திட்டிச் சொல்லவில்லை. அந்தப் புலி அவன் குரல் கேட்டால் எழுந்து வரும். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும்.

2021 ஜூன் 3-ஆம் தேதி வண்டலூரில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண்சிங்கம் கொரோனாவில் செத்தது. அதே மாதம் ஒரு ஆண்சிங்கமும் செத்தது. மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போயின. முதலமைச்சரே நேரில் வந்து பார்த்தார். நீலாவுக்காக நானும் வருத்தப்பட்டேன். அந்த நாட்களில் கவச உடை போட்டுக்கொண்டு சிங்கத்துக்குத் தீனி எடுத்துப் போனவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. பத்திரிகையில் வந்திருந்தால்தானே நினைவில் இருக்கும்?

இருளர்கள் கதை இன்னும் கொடுமை. பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்த ஜனம். 1972-இன் வனவிலங்குச் சட்டம் அந்தப் பிழைப்பைக் குற்றமாக்கியது. 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மாமல்லபுரத்துக்கு முன்னால், முதலைப் பண்ணை இருக்கிற வடநெம்மேலியில், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் இந்தியாவின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. பாம்பு கடித்த எந்தச் சாதிக்காரன் உடம்பிலும் இருளர் கை தொட்ட மருந்து ஏறும். அப்போது மட்டும் தீட்டு இல்லை. 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்பு பெருகியபோது இங்கிருந்து இரண்டு இருளரை வரவழைத்தார்கள். 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் ஊரில் ஒரு களவு போனால் போலீஸ் ஜீப் முதலில் போய் நிற்பது இன்னும் இருளர் குடிசை வாசலில்தான்.

அந்த 1972 சட்டத்தில் மிருகங்களுக்கும் அட்டவணை உண்டு. புலியும் சிங்கமும் முதல் அட்டவணை. காக்காயும் எலியும் பழந்தின்னி வௌவாலும் ஐந்தாம் அட்டவணை. தீங்கு செய்கிற உயிர்கள், யாரும் கொல்லலாம் என்று அர்த்தம். 2022-இல் திருத்தம் கொண்டுவந்து அந்த ஐந்தாம் அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். காக்காய்க்குக்கூடச் சட்டத்தில் இழிவு நீங்கியது. நமக்கு 1950-இலேயே அரசியல் சட்டத்தில் தீண்டாமை ஒழிந்தது. ஊருக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் ஜனம் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் பீயைக் கலந்தார்கள். எந்தக் காட்சிச்சாலையிலும் மிருகத்தின் தண்ணீரில் யாரும் அதைச் செய்ததில்லை.

*

ஆகவே நண்பர்களே, மேடையில் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். 'மிருகத்தைப்போல நடத்துகிறார்கள்' என்று சொல்வது எதிரிக்குச் செய்கிற சலுகை. ஏதோ இரக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது, அதைக் கூட்டினால் போதும் என்று ஆகிவிடுகிறது. சாதி இந்துவிடம் இரக்கத்துக்குக் குறைச்சல் இல்லை. மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கிறான், காக்காய்க்குச் சோறு வைக்கிறான், எறும்புக்கு அரிசிமாவில் கோலம் போடுகிறான், மாதச் சந்தா கட்டிக் காட்சிச்சாலை மிருகத்தைத் தத்து எடுக்கிறான். இரக்கமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அது நம் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. நாம் கேட்பது அதுவும் இல்லை. நாம் கேட்பது சமம். இரக்கத்தைக் கூட்டிக் கூட்டி யாரும் சமத்துவத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

மிருகத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதுவும் கூண்டில் இருக்கிறது. புலியின் கறியைக் குறைக்கச் சொல்லவில்லை. புலிக்குப் போடுகிற கை நிரந்தர வேலையில் இருக்க வேண்டும், அந்தக் கைக்குக் கையுறையும் மருத்துவமும் பெயரும் வேண்டும் என்கிறேன். புலி தின்கிற கறியை என் பிள்ளை தன் வகுப்பில் உட்கார்ந்து, டப்பாவை மூடாமல் தின்ன வேண்டும் என்கிறேன்.

போன காணும் பொங்கலுக்கு என் தங்கை மகளை வண்டலூருக்குக் கூட்டிப் போனேன். ஏழாவது படிக்கிறாள். புலியைப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, இதுக்கு என்னா போடுவாங்க?" என்று கேட்டாள். "மாட்டுக்கறி" என்றேன். "நம்ம வூட்ல செய்யறதா?" என்றாள், சத்தமாக. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. நான் அதைவிடச் சத்தமாக, "ஆமாண்டி, நம்ம வூட்ல செய்யறதுதான்" என்றேன். மத்தியானம் நாங்கள் மரத்தடியில் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டோம். குரங்குக் கூண்டு பக்கம் போகவில்லை.